ஏழாம் நம்பர் மலையில் கட்டியிருந்த துணி

தேத்தண்ணி நன்றாக இருக்கிறது, ஐயா. சீனி மட்டும் கொஞ்சம் கூடிப்போயிற்று. வாக்குமூலத்தை நான் தமிழில் சொல்கிறேன், பொலிஸ் புத்தகத்தில் நீங்கள் சிங்களத்தில் எழுதிக்கொள்ளுங்கள். வாசித்துக் காட்டினால் எனக்குப் புரியும். அவசரமில்லை, கடையை மூடிவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

பெயர் சுமன். மாவனல்லை பஸாரில் சின்ன ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். பிறந்தது அரநாயக்கப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகள் கொண்ட லயத்தில். அம்மா கொழுந்து பறித்துத்தான் என்னைப் படிக்கவைத்தார். கல்யாணம், சடங்கு, தேர் எல்லாம் எடுப்பேன். இப்போது யாரும் தரையில் நின்று எடுத்த வீடியோவோடு திருப்திப்படுவதில்லை. "மேல இருந்து எடுப்பீங்களா?" என்பதுதான் முதல் கேள்வி. இல்லை, இல்லை என்று சொல்லி வாய் அலுத்துப்போய் ஒரு டிரோன் வாங்கினேன். முறைப்படி பதிவு செய்திருக்கிறேன், பத்திரம் பையில் இருக்கிறது.

பழகுவதற்குத் தோட்டத்துக்குத்தான் போனேன். முதல் வாரத்தில் இரண்டு தடவை தேயிலைச் செடிகளுக்குள் விழுந்தது. புஷ்பவதி அக்கா தேடி எடுத்துக் கொழுந்துக் கூடைக்குள் போட்டுக்கொண்டு வந்தார். "இந்தாங்க தம்பி, ஒங்க கொழுந்து. நிறுத்துப் பாத்து வாங்கிக்குங்க" என்று சிரித்தார். பக்கத்து லயம். அம்மா இறந்தபோது பதினாறு நாளும் எனக்குச் சோறு வந்தது அவர் வீட்டிலிருந்துதான். எனக்கு அவர்மேல் எந்தக் கோபமும் இருந்ததில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

டிரோன் பழகுகிற எல்லோரும் செய்யும் பிழை ஒன்று உண்டு. அது நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போகும்வரை இடது இடதுதான், வலது வலதுதான். நம் பக்கம் முகத்தைத் திருப்பிவிட்டால் எல்லாம் தலைகீழ். இடது பக்கம் தள்ளினால் நம் கண்ணுக்கு வலது பக்கம் போகும். அந்தப் பிழையால்தான் ஏழாம் நம்பர் தேயிலை மலையோரத்துப் பெரிய மரத்தடிக்கு ஒருநாள் போய்விட்டது. கிளைக்கு அடியில் முறத்தளவு குளவிக் கூடு. டிரோன் இரைச்சலுக்குக் கூடு முழுவதும் ஒருமுறை சிலிர்த்தது. கொஞ்சம் குளவிகள் கிளம்பித் துரத்தவும் செய்தன. அன்றைக்கு அந்த மலையில் ஆளில்லை. பக்கத்து மலையில் நின்ற அக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னவனே நான்தான்.

அக்கா தன் பழைய சிவப்புச் சீலையில் ஒரு துண்டைக் கிழித்து, மலைக்கு இறங்கும் பாதையில் கம்பு நட்டுக் கட்டினார். எங்கள் தோட்டத்து வழக்கம் அது. சிவப்புத் துணி இருந்தால் அந்த மலையில் யாரும் கால் வைக்கமாட்டார்கள், கங்காணியும் ஆள் அனுப்பமாட்டார். கூட்டை எரித்தவர்கள்தான் துணியை அவிழ்ப்பார்கள். நல்லையா கங்காணி தோட்டத்து ஆபிசில் சொன்னார். ஆபிசில் நாளைக்கு என்றார்கள். மறுநாளும் நாளைக்குத்தான்.

அந்த நேரத்தில் கித்துல்கலயில் விடுதி நடத்தும் அப்லால் நானா ஒரு வீடியோ கேட்டார். டிரோனுக்கு வந்த முதல் வேலை. ஏழாம் நம்பர் மலையை எடுத்து அனுப்பினேன். அதிகாலையில் பள்ளத்தில் பனி நிற்கும், மேலே வெயில் விழும், அப்படி ஓர் இடம் அந்தப் பக்கத்தில் வேறு இல்லை. போனில் பேசினார். "எடம் நல்லா ஈக்கி தம்பி. ஆளில்லாத மலைய வெச்சி நான் என்ன செய்ய? கொழுந்து பறிக்கிற ஆக்கள் வரணும். அந்தச் செவப்புத் துண்டும் கண்ணக் குத்துது." துணி எதற்கென்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

அதனால் துணியை அவிழ்த்தேன். மறுபடி கட்டுவதாகத்தான் இருந்தேன். மடித்துக் கமராப் பைக்குள் வைத்தேன். துவைத்துத் துவைத்து நைந்த துணி, லென்ஸ் துடைக்கத் தோதாக இருந்தது. மேசைமேல் நீங்கள் வைத்திருப்பது அதுதான்.

மறுநாள் காலை துணி இல்லாததைப் பார்த்து, கூடு எரிந்துவிட்டது என்று எண்ணி, நல்லையா கங்காணி பதினெட்டுப் பேரை அங்கே அனுப்பினார். விசாரிக்காமல் அனுப்பியது அவர் பிழை என்று ஆபிஸ் அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டது. நான் மேல் ரோட்டில், யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் நின்றேன். நாலு நிமிடம் எல்லாம் ஒழுங்காகப் போனது. கடைசியில் டிரோனை மரத்துக்குப் பின்னால் கொண்டுபோய், அங்கிருந்து பெண்களை நோக்கி வரவைக்கலாம் என்று என் பக்கம் திருப்பினேன். கை பழைய பிழையைச் செய்தது. டிரோன் கூடு இருந்த கிளையில் தட்டியது, ஆனால் விழவில்லை.

டிரோனில் சத்தம் பதிவாகாது, ஐயா. திரையில் முதலில் கூடைகள் விழுந்தன. பிறகு வரிசை கலைந்தது. எல்லோரும் தலையை மூடிக்கொண்டு நாலு பக்கமும் ஓடினார்கள். ஒருவர் மட்டும் ஓடவில்லை. இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து, விழுந்து கிடந்த ஒரு பெண்ணைப் போர்த்திக்கொண்டிருந்தார். அது அக்கா என்று உடனே தெரிந்தது.

நான் என்ன செய்ய முடியும்? கூப்பிட்டால் கேட்காது, ஓடினால் போய்ச் சேர முடியாது. அழுதேன் என்று நினைக்கிறேன். அவ்வளவு கையாலாகாதவனாக நான் என்றைக்கும் நின்றதில்லை. பதிவை ஏன் நிறுத்தவில்லை என்று கேட்கிறீர்கள். நிறுத்தத் தோன்றவில்லை. பேட்டரி முடியும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பதினொரு பேரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பத்துப் பேர் திரும்பி வந்தார்கள்.

அக்காவின் சாவு வீட்டுக்குப் படம் எடுக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். மறுக்க முடியுமா? சாம்பிராணிப் புகையில் லென்ஸ் மங்கியது. பையிலிருந்து துணியை எடுத்துத் துடைத்தேன். யோசித்துச் செய்யவில்லை, கைப்பழக்கம். அக்காவின் மகள் மதுஷா பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் போடவில்லை. "சுமன் அண்ணே, இது எங்கம்மா சீலையில்ல?" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும்.

வேறு ஏதாவது உண்டா என்கிறீர்கள். ஒன்று இருக்கிறது. அன்றைக்குக் காலையில் அவர்கள் என்னைத் தாண்டித்தான் இறங்கினார்கள். வெறும் கம்பைக் கண்டு அக்கா நின்றுவிட்டார். அவர் நின்றதால் மற்றவர்களும் நின்றார்கள்.

"தம்பி, நாங் கட்டுன துணியக் காணோமே. கூட்ட எரிச்சிட்டாங்களா? நீங்கதானே மேல இருந்து பாக்குறீங்க" என்றார்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் பத்து நிமிடம் போனால் பனி கலைந்துவிடும். ஆளில்லாத மலையை அப்லால் நானா வாங்கமாட்டார். துணியை நான் அவிழ்த்ததே அவர்கள் இறங்கவேண்டும் என்றுதான்.

"நேத்தே எரிச்சிட்டாங்க அக்கா. பயப்படாமப் போங்க" என்றேன்.

"அப்ப சரி தம்பி" என்று சொல்லி அவர்தான் முதலில் இறங்கினார். அது எதிலும் பதிவாகவில்லை, நானாகச் சொன்னால்தான் உண்டு. சொல்லிவிட்டேன், நான் பொய்க்காரன் இல்லை.

கையெழுத்து எங்கே போடவேண்டும்? உங்கள் வேலை முடிந்ததும் அந்த மெமரி கார்டை மட்டும் திருப்பித் தந்தால் நல்லது, ஐயா. முதல் நாலு நிமிடத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. அக்காவும் அதில் நன்றாக வந்திருக்கிறார்.