நாலாவது அடைப்புக்குறி

இல்வா: இன்னும் அதே பிழைதானா, சிக்ஸ்டன்?

சிக்ஸ்டன்: அதேதான். அச்சுக்கோக்கற மென்பொருள் 'எண்ணைக் காணோம், பூஜ்யம்னு வெச்சுக்கறேன்'ங்குது.

இல்வா: அட்டவணை முழுக்க எண்ணுதானேடா! நாப்பத்தோரு ஏரி, நாப்பத்தோரு பனிக்கட்டித் தடிமன். மூணு மணிக்குள்ள என் ஆய்வேடு அச்சகத்துக்குப் போகணும்.

சிக்ஸ்டன்: தெரியும்...

இல்வா: நாளைக்கு வழக்கப்படி அதைப் பல்கலைக்கழகச் சுவத்துல ஆணி அடிச்சு மாட்டணும். மாட்டலேன்னா மூணு வாரத்துல வாய்மொழித் தேர்வு கிடையாது. வெறும் சுத்தியலை மாட்டிட்டு வரவா?

சிக்ஸ்டன்: பாக்க நல்லாத்தான் இருக்கும்... இரு, இரு. பிழை வர்ற வரியெல்லாம் பாரு. ஏரிப் பேரு சதுர அடைப்புக்குறியில ஆரம்பிக்குது.

இல்வா: அளக்காம உத்தேசமாப் போட்டதுக்கு அடைப்புக்குறி. அதுக்கென்ன?

சிக்ஸ்டன்: அட்டவணை போடற என் நிரல் ஒவ்வொரு வரி முடிவுலயும் ரெண்டு சாய்கோடு போடுது. அதுக்கு அடுத்தாப்புல சதுர அடைப்பு வந்தா, மென்பொருளுக்கு 'கீழ இவ்வளவு இடம் விடு'ன்னு அர்த்தம். ஏரிப் பேரைப் போய் சென்டிமீட்டர்னு நினைச்சுக்குது.

இல்வா: இதுக்காகவா காலையிலேருந்து கவலையில நாலு ஏலக்காய் பன் தின்னேன்!

சிக்ஸ்டன்: அடைப்புக்குறியை எடுத்துட்டா அஞ்சு நொடியில முடிஞ்சுது...

இல்வா: எடுத்தா நிஜமாவே அளந்த மாதிரி ஆயிடும். தொட்டே... சுவத்துல உன்னைத்தான் மாட்டுவேன்.

சிக்ஸ்டன்: சரி தாயே. அடைப்புக்கு முன்னால காலியா ஒரு நெளி அடைப்பு வெக்கறேன்... ஓட்டறேன்... ஆ! நாலும் சரியாயிடுச்சு!

இல்வா: நாலா? நான் போட்டது மூணுதானே.

சிக்ஸ்டன்: ...மணி ரெண்டு அம்பது. அனுப்பிடலாமா?

இல்வா: குரூக்‌ஷோன் ஏரிக்கு யாருடா அடைப்பு போட்டது? அது நீ துளை போட்டு அளந்ததாச்சே.

சிக்ஸ்டன்: நான்தான். நேத்து போட்டேன்.

இல்வா: ஏன்?

சிக்ஸ்டன்: அன்னிக்கு மைனஸ் இருபத்தெட்டு, இல்வா. கரையில சுடச்சுட சவுனாக் குளியலறை... உள்ள உக்காந்து ஜன்னல் வழியாப் பாத்து, நாப்பத்தி மூணு சென்டிமீட்டர்னு எழுதிட்டேன்.

இல்வா: ஜன்னல் வழியா! ரெண்டு வருஷமா வாயைத் திறக்கலியே நீ!

சிக்ஸ்டன்: அச்சுக்குப் போறதை நினைச்சா தூக்கம் வரல. திட்டு... ஆனா அனுப்பிட்டுத் திட்டு.

இல்வா: அனுப்பிட்டேன். நாலு அடைப்போடயும்.

சிக்ஸ்டன்: ம்... இப்போ திட்டு.

இல்வா: எந்த வாயால திட்டறது? என் மூணு ஏரியிலயும் துளைக்கருவி உறைஞ்சு போச்சுன்னு பேராசிரியர்கிட்ட சொன்னேன் பாரு... அது கார் டிக்கியை விட்டு வெளியவே வரலடா.