நம்மைப் பார்க்காத டிவி

இப்போதெல்லாம் சும்மா ஒரு டிவி வாங்குவது அவ்வளவு சுலபமில்லை, மேடம். சேலையூர் கேம்ப் ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கிய பிறகுதான் எனக்கே தெரிந்தது. எல்லா டிவிக்கும் இன்டர்நெட் வேண்டும். நாம் எதைப் பார்க்கிறோம் என்று அது யாருக்கோ சொல்லிக்கொண்டே இருக்கிறது. நீங்கள் இன்ஸ்பெக்டர், உங்களுக்குத் தெரியாதது இல்லை. ஆனால் உங்கள் முதல் கேள்வியே டிவியைப் பற்றி இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. என் மகன் ஃபிரெடி சொல்லியிருப்பான்.

முதலில் இருந்த டிவி அவன் வாங்கிக் கொடுத்தது. போன வருஷம் என் கணவர் லாசரஸுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. ஃபிரெடி கனடாவிலிருந்து ஓடி வந்தான். திரும்பிப் போவதற்கு முன், அவர் கட்டிலுக்கு எதிரே பெரிய டிவி ஒன்றை மாட்டினான். அதன் உச்சியில் கேமரா.

"மம்மி, நீங்க எதுவுமே பண்ண வேண்டாம். நானே அங்கேருந்து ஆன் பண்ணி டாடியைப் பார்த்துக்குவேன்."

நல்ல பிள்ளை. சொன்னபடியே தினமும் பார்த்தான்.

ஆனால் அது என் படுக்கையறையும்தானே. அவருக்குத் துணி மாற்றும்போதும், நான் நைட்டியோடு தலை வாரும்போதும் டிவி தானாக விழித்துக்கொள்ளும். "மம்மி, டாடிக்கு ஏன் இன்னும் ஷேவ் பண்ணலை?" என்று கேட்கும். கேமரா மேல் கைக்குட்டையைப் போட்டேன். "மம்மி, துணியை எடுங்க" என்று குரல் வந்தது. வைஃபையை அணைத்தேன். கீழ் வீட்டு நித்யஸ்ரீக்குப் போன் செய்தான். ஐ.டி.யில் வேலை பார்க்கிற பெண். வந்து, சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டுப் போனாள்.

அதனால்தான் கடைக்குப் போனேன். கடைசியாக நுழைந்த கடையில் முகிலன் என்று ஒரு இளைஞன் இருந்தான்.

"நெட் இல்லாத டிவியா? அதெல்லாம் இப்ப வர்றதே இல்ல ஆன்ட்டி. எல்லாமே ஸ்மார்ட்தான்."

"எனக்கு ஸ்மார்ட் வேண்டாம் தம்பி. படத்தைக் காட்டிட்டு வாயை மூடிக்கிட்டு இருந்தா போதும்."

அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு கம்ப்யூட்டர் மானிட்டரை எடுத்து வைத்தான். கேபிள் பாக்ஸை இதில் சொருகிக்கொள்ளலாம், சத்தத்துக்கு ஒரு சின்ன ஸ்பீக்கர் போதும் என்றான். "இதுக்குக் கண்ணும் கிடையாது, காதும் கிடையாது ஆன்ட்டி." அதையே வாங்கினேன்.

ஃபிரெடி கோபித்துக்கொள்ளவில்லை. "நீங்க சொல்றதும் சரிதான் மம்மி. உங்க ப்ரைவசியை நான் யோசிக்கவே இல்லை, சாரி" என்றான். அதன்பிறகு போனோடு நிறுத்திக்கொண்டான். டாடி தூங்குகிறார் என்பேன். பெரும்பாலும் அது உண்மைதான்.

நித்யஸ்ரீக்கு நான் செய்தது ரொம்பப் பிடித்துப்போனது. அபார்ட்மென்ட் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசச் சொன்னாள். காலமெல்லாம் வகுப்பெடுத்தவள் நான், பேசுவதற்கென்ன. டிவியோடு நிறுத்தவில்லை. அடுத்த வீட்டுச் சத்தத்துக்குக் காது கொடுப்பதும், அழைக்காமல் போய் மணியடிப்பதும் கேமரா வைப்பதுபோலத்தான் என்றேன். மூடிய கதவை மதியுங்கள் என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

மூடிய கதவைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். கல்யாணமான புதிதில் அவர் குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டார். "எனக்குத் தெரியாம உனக்கு என்ன ரகசியம் ஹில்டா?" என்று சிரித்தார். என் பெயருக்கு வரும் கடிதங்களைப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் தருவார். நான் போனில் பேசினால் பக்கத்தில் வந்து உட்காருவார். என் அம்மா இறந்த செய்தி வந்து நான் சமையலறையில் அழுதபோது, ஸ்டூலைப் போட்டு எதிரே உட்கார்ந்து, அழுது முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாளும் அடித்ததில்லை. சபையில் என்னைக் கொடுத்துவைத்தவள் என்பார்கள். இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்.

அவரைக் குளிப்பாட்ட பம்மலிலிருந்து எல்லம்மா வந்துகொண்டிருந்தாள். நன்றாக வேலை செய்வாள், ஆனால் கண்ணும் நாக்கும் ஓயாது. மானிட்டர் வந்த பிறகு ஒருநாள் அவர் முகத்தைத் துடைத்தபடியே கேட்டாள்.

"இன்னா டீச்சரம்மா, சாருக்கு உதடெல்லாம் வெடிச்சிக் கீது? தண்ணியே குடுக்கிறதில்லியா?"

"குடிக்கக் குடிக்க ஈரத் துணியை மாத்தணும் எல்லம்மா. நீ போன பிறகு மாத்தறது நான்தான்."

அவள் ஒரு மாதிரியாகப் பார்த்தாள். சீக்கிரமே அவளை நிறுத்திவிட்டேன். கேமரா வேண்டாம் என்று எடுத்துவிட்டு, வெளியாள் ஒருத்தியைத் தினமும் படுக்கையறைக்குள் விடுவது என்ன நியாயம்?

அதற்குப் பிறகு வீடு நிம்மதியாக இருந்தது. அவர் எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு பேசுவேன். இத்தனை வருஷம் சொல்லாததையெல்லாம் சொன்னேன். அவரால் குறுக்கே பேச முடியாது, எழுந்து போகவும் முடியாது. கண்ணை மூடிக்கொள்வார். சில சமயம் இடது கையைத் தண்ணீர் டம்ளர் பக்கம் நீட்டுவார். பேசி முடித்த பிறகு கொடுப்பேன்.

மே மாதம் சபைப் பெண்கள் எல்லோரும் மூன்று நாள் ஜெபக் கூட்டத்துக்கு, ரிட்ரீட் என்பார்களே, ஏற்காட்டுக்குக் கிளம்பினார்கள். நானும் பெயர் கொடுத்தேன். ராத்திரியும் தங்குகிற நர்ஸ் ஒருத்தியை வைத்திருப்பதாக ஃபிரெடியிடம் சொன்னேன். அப்படி யாரும் இல்லை. அவனால் இனி எட்டிப் பார்க்க முடியாதே.

புறப்படும் காலையில் பாட்டு சேனல் ஒன்றைப் போட்டேன். ஃபேனை ஓடவிட்டேன். சொம்பு நிறையத் தண்ணீர் வைத்து, அதில் ஸ்ட்ராவும் போட்டேன். அந்தச் சொம்பு நிறைந்தபடியே இருந்ததை நீங்களும் பார்த்தீர்கள். சொம்பு வைத்த ஸ்டூல் அவருடைய வலது பக்கம் இருந்தது என்கிறீர்கள். ஆமாம். எப்போதும் இடது பக்கம்தான் இருக்கும். அன்று காலையில் நான்தான் தூக்கி வலது பக்கம் வைத்தேன். அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பிறகு வெளிக்கதவை இழுத்துச் சாத்தினேன், அது தானே பூட்டிக்கொள்ளும்.

வயதாகிவிட்டது, மறதி என்று சொல்லச் சொல்லி வக்கீல் சொன்னார். எனக்கு மறதி கிடையாது, மேடம்.

ஏற்காட்டில் நல்ல குளிர். நன்றாகத் தூங்கினேன். மூன்றாம் நாள் திரும்பி வந்தபோது அவர் போயிருந்தார். குளிப்பாட்ட எல்லம்மாவைக் கூப்பிட்டேன். அவள் உதட்டைப் பார்த்தாள், ஸ்டூலைப் பார்த்தாள், அப்படியே இறங்கி உங்கள் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டாள். ஸ்டூலை நகர்த்தி வைத்திருக்கலாம். தோன்றவில்லை. என் அறைக்குள் யார் வந்து பார்க்கப்போகிறார்கள் என்று இருந்துவிட்டேன்.

முதல் நாள் முழுக்க மேலே தட்டுகிற சத்தம் கேட்டதாக நித்யஸ்ரீ உங்களிடம் சொல்லியிருக்கிறாள். இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டியிருப்பார். படியேறி என் கதவுவரை வந்தவள், மணியடிக்காமலே இறங்கிப் போயிருக்கிறாள். அடக்கத்தன்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "கூட்டத்துல நீங்க சொன்னதை நினைச்சுத்தான் ஆன்ட்டி, தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு போயிட்டேன்." நீ சரியாகத்தான் நடந்துகொண்டாய் என்று அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன். அது மனசாரச் சொன்னது.

ஃபிரெடி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். டாடி கடைசியில் கஷ்டப்பட்டாரா என்று கேட்டான். தூக்கத்திலேயே போய்விட்டார் என்றேன்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். உங்களிடம் எதையும் மறைக்கவில்லை. அந்த ஸ்டூல் விஷயத்தை மட்டும் அவனிடம் சொல்லாதீர்கள், மேடம். புருஷன் பெண்டாட்டிக்குள் நடப்பதெல்லாம் பிள்ளைகளுக்குத் தெரியக் கூடாது.