எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும்

மானிட்டர் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் அளவை மட்டும் பார்த்து வாங்கி வந்துவிடுகிறார்கள். அது தவறு, மேடம். உள்ளே இருக்கிற பேனல் எந்த வகை என்று கேட்க வேண்டும். எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பேனல் சரியில்லை என்றால் நேர் எதிரே உட்கார்ந்திருக்கிற ஒருவருக்கு மட்டும்தான் அது பயன்படும். முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். யோசித்துப் பார்த்தால் எனக்கு முதல் என்பது அந்த மானிட்டர்தான். உங்களுக்கும் கொள்ளேகால் பக்கம் என்று வெளியே சொன்னார்கள். அதனால் தமிழிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் மாணிக்கவாசகம். சொந்த ஊர் கொள்ளேகாலுக்குப் பக்கம் ஹனூர். இங்கே மைசூரில் வாகன உதிரிபாகம் செய்கிற ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். விஜயநகரில் வீடு கட்டிக் குடியிருக்கிறோம். மனைவி ஜோதிமணி, கௌதள்ளிப் பெண். மகள் அஷ்வினி எட்டாம் வகுப்பு. எனக்குக் குடி கிடையாது, வெளிப் பழக்கம் கிடையாது. எங்கள் வீட்டிலிருந்து ஒரு சத்தம் தெருவுக்குக் கேட்டதில்லை. பக்கத்து வீட்டு உமாதேவியம்மாவைக் கேட்டால் அவரே சொல்வார்.

ஜோதி கொள்ளேகால் கல்லூரியில் பி.காம். படித்தவள். அஷ்வினி வளர்ந்த பிறகு வேலைக்குப் போக ஆசைப்பட்டாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பஸ்ஸில் இடிபட்டுப் போய் வருவதை விட வீட்டிலிருந்தே செய்கிற வேலையாகப் பார் என்றுதான் சொன்னேன். பெங்களூர்க் கம்பெனி ஒன்றில் கிடைத்தது. பொருள் வாங்கியவர்கள் எழுதி அனுப்புகிற குறைகளுக்குத் தமிழிலும் கன்னடத்திலும் பதில் எழுத வேண்டும். கம்பெனியே ஒரு லேப்டாப் கொடுத்தது. படுக்கையறைக் கட்டிலில் உட்கார்ந்து, அதை மடியில் வைத்துக்கொண்டு செய்வாள்.

கெட்டிக்காரி. அதை நான் மறைக்கப் போவதில்லை. கன்னட எழுத்தெல்லாம் தானாகவே அடிக்கப் பழகிக்கொண்டாள். அவளுடைய மேலாளர் பெண்மணி ஒருமுறை போனில் பாராட்டியது சமையலறை வரைக்கும் கேட்டது.

ஒருநாள் நான் அறைக்குள் போனபோது ஜோதி திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. கல்யாணமான இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அந்த லேப்டாப்பில் மலிவான டி.என். வகைப் பேனல், பக்கவாட்டிலிருந்து பார்த்தால் எல்லாம் மங்கி, புகைப்பட நெகட்டிவ் மாதிரி நிறம் தலைகீழாகத் தெரிந்தது. ஒரு வார்த்தை படிக்க முடியவில்லை.

"என்ன ஜோதி, சிரிப்பு?" என்றேன்.

"ஒண்ணுமில்லீங்க. கூட வேலை செய்யற புள்ளைங்க ஏதோ கிறுக்குத்தனமா எழுதிப் போட்டிருக்குதுங்க" என்றாள். மூடி வைத்துவிட்டுக் காபி போட எழுந்து போய்விட்டாள்.

சண்டை போடுகிற மனிதனாக இருந்தால் அன்றைக்கே லேப்டாப்பைப் பிடுங்கிப் பார்த்திருப்பான். நான் அப்படிச் செய்யவில்லை. குனிந்து குனிந்து அவளுக்குக் கழுத்து வலிப்பதை நானும் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன். நல்ல மானிட்டராக ஒன்று வாங்கி மேஜைமேல் வைத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். ஜோதிக்கு ஆபீஸ் வேலை, அஷ்வினிக்குப் பாடம், எனக்குக் கிரிக்கெட், ஞாயிற்றுக்கிழமையில் எல்லோருக்கும் சினிமா. ஒரே திரை இத்தனைக்கும் ஈடுகொடுக்க வேண்டும். அதற்கு எது பொருத்தம் என்று நிறையப் படித்தேன். தொழிலே தரம் பார்ப்பது என்பதால் எதையும் பார்க்காமல் வாங்க எனக்கு வராது.

கடைக்குக் குடும்பத்தோடு போனோம். குமார் என்கிற பையன் பொறுமையாக எடுத்துச் சொன்னான். "சார், கேம் மட்டும் ஆடறவங்களுக்கு டி.என். போதும், வேகமா இருக்கும். வி.ஏ.ல கறுப்பு நல்ல கறுப்பா வரும், ரூம இருட்டு பண்ணிட்டு சினிமா பாக்க அது ஜோர். ஆனா சைடுல போனா கொஞ்சம் வெளுக்கும். எல்லா வேலைக்கும் கலந்து வேணும்னா ஐ.பி.எஸ். எடுத்துக்கோங்க. எந்தப் பக்கம் நின்னு பாத்தாலும் கலர் மாறாது, எழுத்தும் மாறாது."

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டிக் காட்டினான். ஜோதிக்கு வி.ஏ. திரைதான் பிடித்தது. "ஏனுங்க, இது கண்ணுக்குக் குளுகுளுன்னு இருக்குதுங்க. நேரா உக்காந்து பாக்கறதுக்கு இதே போதுமே" என்றாள்.

நான் ஐ.பி.எஸ். திரைக்கு இடப்பக்கம் போய் நின்றேன். பிறகு வலப்பக்கம். பிறகு கடைக் கதவருகே இருந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். அங்கிருந்தும் எழுத்துகள் தெளிவாகத் தெரிந்தன. இருட்டில் மூலைகளில் லேசாக வெளிச்சம் கசியும், கறுப்பு சாம்பலாகத் தெரியும் என்று குமார் சொன்னான். அது பெரிய குறையாக எனக்குப் படவில்லை.

"அவ்வளவு ஓரமா யார் சார் உக்காந்து பாக்கப் போறாங்க?" என்று குமார் சிரித்தான்.

"குடும்பம்னா நாலு பக்கமும் ஆள் இருக்குமில்லப்பா" என்றேன்.

ஜோதி வி.ஏ. திரையை விட்டு நகர்ந்து அஷ்வினியின் பக்கம் போய் நின்றுகொண்டாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று இப்போது தோன்றுகிறது.

மானிட்டரைப் படுக்கையறையில் வைக்க இடமில்லை, கூடத்தில்தான் வைத்து, லேப்டாப்பை அதோடு இணைத்தேன். ஜன்னல் வெளிச்சம் திரையில் விழுந்து கண் கூசக் கூடாது என்பதற்காக மேஜையைச் சுவரோடு ஒட்டிப் போட்டேன். அதனால் ஜோதியின் முதுகு கூடத்துப் பக்கம் இருந்தது. சோபாவிலிருந்தும், சாப்பாட்டு மேஜையிலிருந்தும், பூஜை அலமாரி பக்கமிருந்தும் திரை தெரியும். கண் வலிக்கக் கூடாது என்று எழுத்தின் அளவைக் கொஞ்சம் பெரிதாக்கி வைத்தேன்.

மேலதிகாரியிடம் பேசி எனக்குக் காலை ஷிப்ட் மட்டும் வருகிற மாதிரி செய்துகொண்டேன். மத்தியானம் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, பேப்பரை விரித்துக்கொண்டு உட்காருவேன். ஜோதி வேலை செய்வாள். அந்த நாட்கள் எனக்கு மிகவும் நிம்மதியாக இருந்தன. ஒரே கூரையின் கீழே ஒளிவுமறைவு இல்லாமல் இருப்பது எத்தனை குடும்பங்களுக்கு வாய்க்கிறது?

அவள் சிரிப்பது நின்றுபோனது உண்மைதான். ஆனால் வேலை நேரத்தில் சிரிப்பு எதற்கு? கூட வேலை செய்கிறவர்கள் அரட்டைக்குக் கூப்பிட்டால் பதில் போடுவதை நிறுத்திவிட்டாள். தோளைக் குறுக்கி, திரைக்கு நெருக்கமாக உட்கார்ந்துகொண்டாள். கழுத்து வலி முன்பைவிட அதிகமானது.

ஒருநாள் நான் வந்தபோது திரையின் மேல் கறுப்பாக ஒரு தாள் ஒட்டியிருந்தது. அதை ஒட்டினால் நேர் எதிரே இருக்கிறவருக்குத் தவிர மற்றவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆன்லைனில் வரவழைத்திருக்கிறாள். நான் எதுவும் கேட்காமல் ஓரத்தை நகத்தால் பிடித்து மெதுவாக உரித்தேன். நல்ல பேனலை வாங்கிவிட்டு அதன் மேல் தாளை ஒட்டுவது வீண் இல்லையா?

"வெளிச்சம் கம்மியாகி கண்ணு கெட்டுப்போகும், ஜோதி" என்றேன்.

"சரிங்க" என்றாள்.

அஷ்வினி வீட்டுப் பாடத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் கன்னடம் பேசிப் பேசி அவள் தமிழே கலப்படம். "அப்பா, அம்மா ஆபீஸ் வேலை பண்றாங்க அஷ்டே. நீங்க ஏன் சும்னே பின்னாடி உக்காந்து நோடிக்கிட்டே இருக்கீங்க?" என்றாள்.

அம்மா செய்வது ஆபீஸ் வேலை மட்டும்தானாம், நான் சும்மா உட்கார்ந்து பார்க்கிறேனாம். குழந்தை கேட்கிற கேள்வி இல்லை அது. தாய் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். அதையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் நான் சாப்பாட்டு மேஜையில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தேன். அவளுடைய போன் என் பக்கத்தில் சார்ஜில் கிடந்தது. ஜோதி திரையின் மூலையில் ஒரு சின்னக் கட்டத்தைத் திறந்து தமிழில் அடித்தாள். கௌதள்ளியில் இருக்கும் அண்ணன் சென்னப்பனுக்கு எழுதுகிறாள். நான் தலையைத் தூக்கவில்லை. கண்ணை மட்டும் உயர்த்தினேன். ஒவ்வொரு எழுத்தும் அச்சடித்த மாதிரி தெரிந்தது.

நாளைக் காலையில் அவர் டூட்டிக்குப் போனதும் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு கிளம்புகிறேன் அண்ணா, கொள்ளேகால் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடு, இனிமேல் இந்த வீட்டில் என்னால் மூச்சுவிட முடியாது என்று எழுதினாள். அனுப்பினாள். உடனே அழித்தாள்.

அப்போதும் அவளுக்கு நான் ஒரு வாய்ப்புக் கொடுத்தேன், மேடம். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். எழுந்து போய் உரித்த கடலையை அவள் பக்கத்தில் வைத்து, "நாளைக்கு என்ன டிபன்?" என்று கேட்டேன். ஊருக்குப் போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"டொமேட்டோ பாத் செய்யட்டுங்களா?" என்றாள். என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கவும் முயன்றாள்.

மறுநாள் காலையில் எனக்கு உடம்பு சரியில்லை, லீவு போட்டுவிட்டேன் என்று சொன்னேன். ஜோதி கொஞ்ச நேரம் அடுப்படியிலேயே நின்றாள். பிறகு துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனாள். அஷ்வினியைத் தயிர் வாங்கி வரக் கடைக்கு அனுப்பினேன்.

எங்கள் குளியலறையில் வெந்நீருக்குக் கேஸ் கீஸர். உள்ளேயே மாட்டியிருக்கிறது. காற்றுப் போக்கு இல்லாமல் அதை எரியவிட்டால் உயிருக்கு ஆபத்து என்று மாட்டிக் கொடுத்தவர் அன்றைக்கே எச்சரித்திருந்தார். வெளியிலிருந்து வென்டிலேட்டரை அடைத்தேன். கதவுக்கு வெளியே இருக்கிற தாழ்ப்பாளைப் போட்டேன். பிறகு கூடத்தில் வந்து உட்கார்ந்தேன்.

முதலில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு கதவைத் தள்ளிப் பார்த்தாள். "ஏனுங்க, கதவு திறக்க மாட்டேங்குதுங்க" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். பிறகு தட்டினாள். "ஏனுங்க, தல சுத்துதுங்க. திறங்க" என்றாள். அதற்குப் பிறகு என்னைக் கூப்பிடவில்லை. அஷ்வினியைக் கூப்பிட்டாள்.

நான் திரையைப் போட்டு வைத்திருந்தேன். காட்சியில் சிவப்பு கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது என்று முன்பே தோன்றியிருந்தது. அதைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

அஷ்வினி நான் நினைத்ததைவிடச் சீக்கிரம் திரும்பி வந்துவிட்டாள். "அப்பா, அம்மா தட்றாங்க" என்றாள். தண்ணீர்ச் சத்தம் என்றேன். அவள் குளியலறைப் பக்கம் ஓடினாள். நான் போய் அவளை இடுப்போடு சேர்த்துப் பிடித்துத் தூக்கி வந்து சோபாவில் உட்காரவைத்தேன். ரொம்பத் திமிறினாள். அவளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தட்டுவது நின்ற பிறகும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன். கையை எடுத்ததும் கதவைத் திறந்துகொண்டு உமாதேவியம்மா வீட்டுக்கு ஓடினாள்.

அவர்கள் வருவதற்குள் தாழ்ப்பாளை எடுத்துவிட்டேன். வென்டிலேட்டரைத் திறந்துவிட்டேன். ஜோதியை நான்தான் துணி சுற்றித் தூக்கி வந்து கூடத்தில் படுக்க வைத்தேன். விரல் முட்டிகளில் தோல் உரிந்திருந்தது. வழுக்கி விழுந்திருப்பாள் என்று யாரோ சொன்னார்கள். இந்த கேஸ் கீஸரே ஆகாது, போன மாதம் கூட எங்கேயோ இப்படித்தான் ஆயிற்று என்று இன்னொருவர் சொன்னார். நான் எதையும் மறுக்கவில்லை. பொய்யும் சொல்லவில்லை, யாரும் என்னைக் கேட்கவில்லை.

அஷ்வினி பேச்சையே நிறுத்திவிட்டாள். அதிர்ச்சி என்று டாக்டர் சொன்னார். கருமாதி முடிந்ததும் சென்னப்பன் அவளைக் கௌதள்ளிக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று நின்றார். எல்லோர் முன்னாலும் எப்படி மறுப்பது? அங்கே போன பிறகு அவள் வாய் திறந்திருக்கிறாள். மாமாவிடம் சொல்லி, பிறகு உங்கள் முன்னாலும் சொல்லியிருக்கிறாள்.

அவள் சொன்னதை நேற்று நீங்கள் எனக்குப் படித்துக் காட்டினீர்கள். என் வக்கீல் குழந்தையின் பேச்சை உடைத்துவிடலாம் என்கிறார். தாயை இழந்த பெண், மாமன் சொல்லிக்கொடுத்தது என்று நிரூபிக்கலாமாம். எனக்கு அதில் விருப்பமில்லை. என் மகள் பொய் சொல்கிறவள் இல்லை. தட்டினது, நான் பிடித்துவைத்தது, தாழ்ப்பாள், எல்லாம் அவள் சொன்னபடிதான். ஜோதிமணியைக் கொன்றது நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

ஒரே ஒரு இடத்தை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள். அப்பா கோபத்தில் அப்படிச் செய்துவிட்டார் என்று அவள் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்போது கோபமே இல்லை, மேடம். கௌதள்ளிக்குப் போகிறவர்கள் யாராவது அதை அவளிடம் சொல்லிவிட்டால் நல்லது. பெற்ற அப்பாவைப் பற்றி அவள் தவறாக நினைத்துக்கொண்டு வளரக் கூடாது.