முதல் சொல் அம்மாவுடையது

அவையை நடத்தும் தங்கத்துரை ஐயா அவர்களே, இந்தப் பல சமய மாலை நிகழ்வை ஒழுங்கு செய்த சங்கத்தாரே, கனடாவின் இந்த ஸ்காபரோப் பனியில் இரண்டு பஸ் மாறி வந்த தாய்மாரே, தந்தையரே, இருக்கை கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் நண்பர்களே, பணிவான வணக்கம்.

யூத சமயம் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஏழு புத்தகங்கள் படித்தேன். பிறந்த மண்ணை விட்டுப் புறப்படச் சொன்ன குரலுக்கு ஆபிரகாம் பணிந்ததில் அது தொடங்குகிறது. எகிப்தில் அடிமை வாழ்வு. பாலையில் நாற்பது ஆண்டு. உருவமற்ற ஒரே இறைவன். உழைப்பை நிறுத்தும் ஏழாம் நாள். அவர்களின் கோயில் இடிந்தது. வேத நூலைச் சுமந்து நடந்தார்கள். நாடு போனவர்களுக்கு நூலே நாடானது. நாடு விட்டு வந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டுமா?

ஆனால் நான் அந்தச் சமயத்தைக் கண்டது ஒரு கோப்பை அவித்த முட்டையில். சிரிக்கிறீர்கள். அன்று எங்கள் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

ஊரில் போர் நடந்தபோது, யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற என் அண்ணன் பிரவீனன் கிளாலிக் கடலில் படகேறினான். கரை சேரவில்லை. உடலும் இல்லை. இங்கே செய்தி கேட்ட அம்மா அழவில்லை, உண்ணவில்லை, ஒரு சொல் பேசவில்லை. வந்தவர்கள் பேசினார்கள். விதி என்று பேசினார்கள். வினை என்று பேசினார்கள். விசா பற்றியும் பேசினார்கள்.

ஐந்தாம் நாள் பக்கத்து அப்பார்ட்மென்ட் மிரியம் வந்தார், எழுபது வயது யூதப் பெண். முட்டைக் கோப்பையை வைத்துவிட்டு, அம்மாவுக்கு எதிரே தரையில் அமர்ந்தார். வாய் திறக்கவில்லை.

கோணேஸ்வரி மாமி என் காதில் சொன்னார்: "செத்தவீட்டுக்கு ஆரும் முட்டை கொண்டு வருவினமே? எடுத்து வெளியில வை."

பொன்னம்பலம் மாமா, கிழவி தேத்தண்ணிக்குத்தான் காத்திருக்குது என்றார். தேநீர் வந்தது. மிரியம் தொடவில்லை. ஒரு மணிநேரம் இருந்து, எழுந்து போனார். மறுநாளும் வந்தார். அதே தரை. அதே மௌனம்.

மூன்றாம் முறை வந்தபோது அம்மா கோப்பையைப் பார்த்தார்.

"அவனுக்கு முட்டை உரிக்கத் தெரியாது. நான்தான் உரிச்சுக் குடுக்கிறனான்."

ஒரு கிழமையில், ஏழு நாளில், முதல் சொல். நான் அதை மிரியத்துக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். அதற்குப் பிறகுதான் மிரியம் பேசினார். அண்ணனின் பெயர் என்ன என்று கேட்டார்.

அம்மா பெயரைச் சொன்னார். ஒரு முட்டையை எடுத்து உரிக்கத் தொடங்கினார். உரித்தபடி அழுதார். உப்புப் போத்தலைக் கொண்டுவந்து வைத்தவர், கோணேஸ்வரி மாமி.

பிறகு அறிந்தேன். துக்கம் காப்பவருக்கு அயலார் முட்டை கொடுப்பது அவர்கள் மரபு. முனையில்லாத அதன் வட்டத்தை வாழ்வு என்கிறார்கள். துக்கப்பட்டவர் பேசும்வரை வந்தவர் பேசக்கூடாது. இழந்தவருக்கே முதல் சொல்.

எத்தனை செத்தவீடுகளுக்குப் போயிருக்கிறோம்? எத்தனை ஆறுதல்களை அள்ளிக் கொட்டியிருக்கிறோம்? ஒருமுறையேனும் காத்திருந்தோமா? பின்வரிசை அண்ணை கேட்கிறார், மேடைக்கும் இந்தச் சட்டம் உண்டோ என்று. உண்டு அண்ணை. முடிக்கிறேன்.

மூன்றாம் வரிசையில் அம்மா இருக்கிறார். பக்கத்தில் மிரியம். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. நடுவில் மொழிபெயர்க்க யாரும் இல்லை.

கேட்டிருந்த உங்களுக்கு நன்றி. காத்திருந்தவருக்கு என் வணக்கம்.