லொபியில் மாட்ட ஒரு படம்

— மெல்ல, மெல்ல! சுவருக்கு முந்தநாள்தான் பெயிண்ட் அடிச்சது. யோசெப்பின், உம்மட ஆளுக்குச் சொல்லும், மூலை முட்டாமல் பிடிக்கட்டும்.

— செல்லையாண்ணே, அந்தப் பக்கம் கொஞ்சம் தூக்குங்க. பயப்படாதீங்க இராஜநாயகம் சேர், கண்ணாடி போடல்ல. கன்வஸ்தான்.

— தூக்கிட்டேங்கம்மா.

— செருப்போட வந்திட்டானோ? டைல்ஸ் முழுக்க இத்தாலிச் சாமான்.

— வாசல்லயே கழட்டி வச்சுட்டேங்க மொதலாளி. வெறுங்காலுதான், பாருங்க.

— சரி, சரி. பேப்பரைக் கழற்றும் யோசெப்பின். ஞாயிற்றுக்கிழமை திறப்பு. லொபிக்குள்ள வாற சனம் முதல்ல காணப்போறது இதைத்தான்.

— இந்தாங்க, நீங்களே பாருங்க. கடல், ரயில் பாதை, காலி வீதி, நடுவுல உங்கட ஏழு மாடி. என் தம்பி ரெனால்ட் டிரோன் விட்டு எடுத்ததுலயே இதுதான் சேர் ராசா.

— அட... வெள்ளவத்தை இவ்வளவு வடிவோ!

— எல்லாக் கஸ்டமரும் இப்படித்தான். "போன்ல படம் இருக்கு, பெரிசாக்கி என்ன செய்ய" என்பாங்க. சுவர் அளவுக்குக் கொண்டுவந்து காட்டினா விரலை வச்சு வச்சுத் தேடுவாங்க. என்ட கூரை எங்க, என்ட கார் எங்க எண்டு. பாருங்க, நீங்களும் தேடுறீங்க!

— நான் தேடேல்லை. இது என்ன மஞ்சளா, மேல் மாடி விளிம்பில?

— ஹெல்மெட் சேர். வேலையாள் ஒருத்தர். போன்ல அரிசி மணி மாதிரிக் கிடந்திருப்பார். பெரிசாக்கினதும் ஆளா எழும்பிட்டார்.

— இது எந்த நாள் எடுத்தது?

— வெளிப் பெயிண்ட் முடியிற கிழமை. பின்னேரம் மழை வரும், காலையிலயே வந்து எடுங்க எண்டு நீங்கதானே கோல் எடுத்துச் சொன்னீங்க. அன்னைக்குப் பின்னேரம்தானே... அனே மாதாவே.

— ஓம். அண்டைக்குத்தான்.

— அந்தப் பொடியன் விழுந்த நாள்.

— சத்தம் போடாதையும். வெளியில டெக்கரேசன்காரர் நிக்கிறாங்கள். அந்தக் கதவைச் சாத்தும்.

— நான் எறக்கி வக்கட்டுங்களா மொதலாளி?

— நீ அசையாத. பிடிச்சுக்கொண்டு நில். யோசெப்பின், இங்க கிட்ட வாரும். இவன்ர இடுப்பில சேஃப்டி பெல்ட் தெரியுதோ?

— தெரியல்ல சேர். சேட் மட்டும்தான். குனிஞ்சு என்னவோ செய்றார்.

— பெல்ட் இருந்தால் தெரியும். நல்ல சிவப்பு. இவனை எடுத்துவிடும்.

— என்னது?

— அழிச்சுவிடும். உம்மட தம்பி கம்பியூட்டரில எதையும் அழிப்பார் எண்டு நீர்தானே சொன்னது. மற்றப் படத்தில குப்பை லொறியை அழிச்சுத் தந்தனீங்கள்.

— குப்பை லொறி வேற, மனுசன் வேற சேர்.

— படத்தில எல்லாம் புள்ளிதான். அழிச்சுப்போட்டு வேற ஒண்டு அடிச்சு, திறப்புக்கு முதல் கொண்டு வாரும். முதல் எடுத்த படத்தையும் இல்லாமல் செய்யும். ரெனால்டின்ர மெசினில ஒண்டும் கிடக்கக் கூடாது. விளங்குதோ?

— ஏன் சேர் இப்படிப் பதறுறீங்க? மேலயிருந்து எடுத்தா யாருக்கும் முகம் இல்ல. ஹெல்மெட்டும் தோளும்தான். பெத்த தாய்க்கே தெரியாது யாரெண்டு.

— எனக்குத் தெரியும். தனுஷன். அந்த மூலையில நிண்டுதான் விழுந்தவன்.

— தனுஷன்ட பொஞ்சாதி எங்கட ஒழுங்கையிலதான் சேர் இருக்கா, கொட்டாஞ்சேனையில. ரஜனி. கைப்பிள்ளையோட ஒரு அறையில. திங்கட்கிழமை விசாரணையாம். போற வாற எல்லார்ட்டயும் கேட்கிறா, அந்தக் கட்டிடத்துல வேலை செஞ்ச ஆள் யாரையும் தெரியுமா எண்டு.

— அதுக்குத்தான் சொல்லுறன்.

— பாவம் சேர் அந்தப் புள்ள.

— நான் மட்டும் என்ன, கல்லோ? சவப்பெட்டிக்கும் வான் வாடகைக்கும் நான்தான் குடுத்தனான். செத்த வீட்டுக்குப் பூமாலையும் அனுப்பினனான். ஆனால் பிழை என்னில எண்டு எழுதினாங்களெண்டால், அடுத்த கட்டிடத்துக்கு எனக்கு ஆர் பெர்மிட் தருவான்?

— விசாரணைக்கு நீங்கதான் எழுதிக் குடுத்திருக்கீங்களாமே, பெல்ட் எல்லாருக்கும் குடுத்தது, போன் கதைக்க எண்டு அவனாத்தான் கழட்டினான் எண்டு. அப்ப இந்தப் படம் உங்களுக்குத்தானே நல்லம்? பாருங்க, கழட்டிட்டு நிக்கிறான் எண்டு காட்டலாமே.

— உமக்குக் கண் தெரியாதோ? பெல்ட்டைக் கொழுவ அங்க ஒரு கயிறு இருக்கோ? ஒரு கம்பி? நீரே இவ்வளவு பெரிசா அடிச்சுக் கொண்டந்து வச்சிருக்கிறீர்! மொட்டை விளிம்பு. எதில கொழுவியிருந்து கழட்டினவன் எண்டு கேட்டால் நான் என்ன சொல்லுறது?

— அப்ப... கயிறே கட்டல்லையா?

— இன்ஸ்பெக்டர் வாற அண்டைக்குக் கட்டுவம். எல்லாச் சைட்டிலயும் அப்பிடித்தான். ஒவ்வொருத்தனும் கட்டி அவிழ்த்து, கட்டி அவிழ்த்து வேலை செய்தால் கட்டிடம் எப்ப எழும்புறது?

— யேசுவே.

— டேய், நீ ஒண்டும் கேக்கேல்லை. சரியோ?

— நான் படத்தப் புடிக்கத்தாங்க வந்தேன்.

— ஆ, அப்பிடி இரு. யோசெப்பின், முகத்தைத் தூக்கி வச்சுக்கொண்டு நில்லாமல் நான் சொல்லுறதைக் கேளும். தெகிவளையில ஒண்டு, பம்பலப்பிட்டியில ஒண்டு தொடங்கப் போறன். அத்திவாரத்தில இருந்து கூரை வரைக்கும் மாசாமாசம் ரெனால்ட்தான் படம். ஃபிளாட் வாங்கின ஒவ்வொருத்தருக்கும் நீர் பெரிசாக்கி விற்கலாம். கனடாவில, லண்டனில இருக்கிற சனம் சுவரில மாட்டக் கேட்கும். அது வேணுமோ, இந்தப் புள்ளி வேணுமோ?

— இப்படிக் கேட்டா எப்படி சேர்.

— வேற எப்பிடிக் கேட்கிறது? வாயைத் திறவும்.

— எனக்கும் இதுதான் சேர் பிழைப்பு. படம் எடுக்கச் சொல்லிக் கூப்பிடுறவங்க நிறைய. பெரிசாக்கி ஒண்டு வாங்குங்க எண்டா எல்லாரும் நழுவிடுவாங்க. உங்களை மாதிரி வாங்குறவங்க ரெண்டு பேர், மூணு பேர்.

— இப்பதான் விளங்கின மாதிரிக் கதைக்கிறீர்.

— அந்த மூலையில வெறும் சீமெந்து தெரிஞ்சாப் போதுமா?

— போதும். வெயில் விழுந்த சீமெந்து.

— ஆளை எடுக்கிறது லேசு. பக்கத்துல இருக்கிற சீமெந்தைக் கிள்ளி மேல ஒட்டினா முடிஞ்சுது. நிழல்தான் சேர் கரைச்சல். காலை வெயில், நிழல் நீளமா ஆறாம் மாடிச் சுவர் வரைக்கும் விழுந்திருக்கு. மறந்து விட்டா ஆள் இல்லாம நிழல் மட்டும் நிக்கும்.

— அதையும் எடும்.

— கை கடுக்குதுங்கம்மா.

— கொஞ்சம் பொறுங்க செல்லையாண்ணே. சேர், ஒண்டு கேக்கிறன், கோவிக்காதீங்க. படத்தை அழிச்சிடலாம். மற்ற வேலையாக்கள்? அவங்க வந்து சொன்னா?

— ஆர் வாறது? எல்லாம் தேயிலைத் தோட்டத்துச் சனம். அவன் விழுந்த அண்டைக்கே வேலையாக்களைக் கொண்டந்த மேசன் பாஸ் அவ்வளவு பேரையும் பஸ் ஏத்திப்போட்டான். ஹட்டனோ, பதுளையோ, ஆருக்குத் தெரியும். எனக்கே அவங்கட பேர் தெரியாது. அந்தப் பெட்டை எங்க போய்த் தேடுறது? கயிறு இல்லை எண்டு காட்ட இருக்கிறது இந்தப் படம் ஒண்டுதான். இதில நிக்கிறவன் செத்துப்போனான். அவன் வந்து சொல்லப் போறானோ?

— இல்லத்தான். ஆனா திங்கக்கிழமை அந்தப் புள்ள என் வாசலால போகேக்க நான் எங்க சேர் முகத்தை வைக்கிறது?

— கதவைச் சாத்திப்போட்டு உள்ள இரும். டேய், டேய்! ஆர் உன்னைக் கீழ வைக்கச் சொன்னது?

— மன்னிச்சுக்குங்க மொதலாளி. ஒங்க கட்டடத்துக்கு ஒரு வருசமா மூட்ட தூக்குனவந்தான். இன்னைக்கு ஏனோ தாங்கல.

— என்ர கட்டிடத்திலயோ? யோசெப்பின், ஆர் இவன்?

— எனக்கு ஒண்டும் தெரியாது சேர், சத்தியமா. பிரேம் தூக்க ஆள் வேணும் எண்டு சொல்லி வச்சிருந்தன், போன கிழமைதான் வந்தார். வெள்ளவத்தை ஓடர் எண்டதும் தானே வாறன் எண்டு நிண்டார். செல்லையாண்ணே, என்ன இது? இங்கயா வேலை செஞ்சீங்க?

— ஆமாங்கம்மா. பாஸு எங்க எல்லாரையும் பஸ்ஸுல ஏத்துனாரு. நான் அவிசாவளையில எறங்கித் திரும்பிட்டேன்.

— பொய். உன்னை நான் ஒரு நாளும் கண்டதில்லை.

— பார்த்தீங்க மொதலாளி. இப்பக்கூட இவ்வளவு நேரமாப் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கீங்க.

— எங்க பார்த்தனான்? படத்தில நிக்கிறது தனுஷன்!

— அது நானுங்க. தனுஷன் காலைல பூரா கீழ பெயிண்டு கலக்கிக்கிட்டு இருந்தான், சாப்பாட்டுக்கு நான் எறங்குன பொறகுதான் என் எடத்துக்கு ஏறுனான்.