உதட்டுப் பேச்சு

உட்காருங்க மேஸ்திரி. எதுக்கு இப்படித் தொப்பியைக் கசக்கிக்கிட்டு நிக்கிறீங்க? இருங்க, நீங்க அப்புறம் சொல்லலாம். நான் முதல்ல சொல்லி முடிச்சிடுறேன்.

நம்ம மில்லைப் பத்தி ஊமைப்படம் போட்டாங்களே, அன்னியிலேர்ந்து எனக்குப் பயம்தான். போன வருஷத்து ஸ்ட்ரைக்கை எல்லாரும் மறக்கணும்னு முதலாளி தானே எடுத்த படம். நம்ம ஆளுங்களே ஸ்ட்ரைக் பண்றவங்களா நடிச்சாங்க. முதலாளியா முதலாளியே. கடைசியில எஞ்சினியர் தோள்ல கையைப் போட்டுக்கிட்டு, சிரிச்சபடி என்னமோ சொல்றாரு. உடனே திரையில எழுத்து வருது, இவங்கெல்லாம் எம்புள்ளைங்கன்னு.

ஆனா கொட்டகையில உட்கார்ந்திருந்தது யாரு? நம்ம லங்காஷயர் மில்லு தறிக்காரிங்க, என்னை மாதிரி. தறிச் சத்தத்துல காது போயி, உதட்டைப் பார்த்தே ஊர்வம்பு பேசுறவளுங்க. சத்தம்தான் வராதேன்னு அவரு நிஜப் பேச்சையே பேசிட்டாரு. மேல்மாடித் தூணுல விரிசல் இருந்தா இருந்துட்டுப் போகட்டும், கிறிஸ்மஸ் ஆர்டர் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்னு. கொட்டகையில இருந்த அத்தனை பேரும் மேல்மாடித் தறிக்காரிங்களைத் திரும்பிப் பார்த்தோம்.

ஆமா, மறுநாளே உங்ககிட்டதான் வந்து சொன்னேன். உதட்டையெல்லாம் கோர்ட்டுல சாட்சியா ஏத்துக்குவாங்களா ஹெப்சின்னு சிரிச்சீங்க. ஐயோ, குத்திக்காட்டல. எம்பொண்ணு ஆக்னஸும்தான் சிரிச்சா. அந்தத் தூணுக்குப் பக்கத்துத் தறிதான் அவளுது. இன்னிக்குக் காலையில கூட, போகாதடின்னு கையைப் பிடிச்சேன். ஊமைப்படத்துக்குப் பயப்படுற ஆளு உலகத்துலயே நீ ஒருத்திதாம்மான்னு சொல்லிட்டு, சால்வையை உதறிப் போட்டுக்கிட்டுப் போயிட்டா.

டீக்குச் சர்க்கரை போடவா? பேசாதீங்க, தலையை மட்டும் ஆட்டுங்க.

அவளுக்கு அடுப்புல உருளைக்கிழங்கு வேகுது. வந்ததும் சூடா இருக்கணும், இல்லேன்னா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவா.

வேணாம் மேஸ்திரி, வாயைத் திறக்காதீங்க. நீங்க திறக்காத வரைக்கும் அவ வேலையிலதான் இருக்கா. கதவைத் தட்டுறதுக்கு முன்னாடி ஜன்னலுக்கு வெளிய நின்னு போலீஸ்காரர்கிட்ட கேட்டீங்களே, பொண்ணு போயிட்டான்னு இவகிட்ட எப்படிச் சொல்றதுன்னு. நான் உள்ள டீக்குத் தண்ணி வச்சுக்கிட்டிருந்தேன். நடுவுல கண்ணாடி இருந்தா என்ன மேஸ்திரி, எனக்குக் கேட்டுடுச்சு.