ஈரான் போடாத கோல்

1. சிங்கப்பூரிடம் தோல்வி, இரண்டு கோல்.
2. அரபு அமீரகத்திடம் தோல்வி, அதே இரண்டு கோல்.
3. சீனாவிடம் தோல்வி, மூன்று கோல்.
4. ஈரானுடன் சமன். யாருக்கும் கோல் இல்லை.

1984 டிசம்பரில் ஆசியக் கோப்பையில் இந்தியா ஆடியதை, நாங்கள் போடிமெட்டு ஏறிய ஜீப்பில் பேப்பர் வைத்திருந்தவர் இந்த வரிசையில்தான் சொன்னார். எதிரே இருந்தவர் அவர்களுடைய ஏலக்காய்த் தோட்டத்து அணியின் கோல்கீப்பர். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு வரமாட்டேன் என்று போடியிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தார்.

“நாலு ஆட்டத்துலயும் நம்மாளுக ஒரு கோல் போடல. இதப் படிச்சுட்டா மாமா என்னைய வரச் சொல்றீக?”

“இருவது வருசத்துக்கு முந்தி ரெண்டாவதா வந்தோம். அதுக்கப்புறம் இப்பத்தான் அந்தக் கோப்பைக்கே போயிருக்கோம். போகாம இருந்தா தோக்க மாட்டோம், வாஸ்தவந்தான். ஒன்னைய மாதிரி.”

“போன வருசம் ஆறு கோல் விட்டேன். தோட்டத்துல இன்னமும் என்னைய ‘ஆறு’ன்னுதான் கூப்புடுறாக.”

“ஈரான் மூணு தடவ கோப்பைய வாங்குனவன் மாப்ளே. அவனையே நம்ம கீப்பரு ஒரு கோல் போட விடல.”

வளைவில் எல்லோரும் ஒரு பக்கமாகச் சாய்ந்தோம். கீப்பர் பேப்பரை வாங்கி, அந்த ஒரு வரியை நிதானமாகப் படித்தார்.

“நம்ம கிரவுண்டு சரிவுல கெடக்கு. பந்து பள்ளத்துல உருண்டா எடுக்க நான் எறங்க மாட்டேன்.”

“நான் எறங்குறேன்.”

ஜீப் மெட்டில் நின்றபோது, ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குக் கீப்பர் இருந்தார். பள்ளத்தில் இறங்கவும் ஆள் இருந்தார்.